மாத்திடுங்க மேடம்

"பழசாயிடுச்சு மேடம். இனிமே சரிப்பட்டு வராது. மாத்திடுங்க."

காலையில் மனைவியின் செல்போனில் தற்செயலாகக் கண்ணில் பட்ட இந்தச் செய்தியைக் கணவன் மூன்று முறை படித்தான். அனுப்பியவன் பெயர் 'மெக்கானிக் தம்பி' என்று இருந்தது. தம்பியாம், தம்பி!

ஒரு வாரமாகவே அவள் போக்கு சரியில்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலில் போய்ப் படுக்கிறாள். ஏனென்று கேட்டால், "சொன்னா நம்பவா போறீங்க?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அவனுக்கு ஐம்பது நெருங்குகிறது. முன்மண்டையில் பாதி காலி. பழசு என்று யாரைச் சொல்கிறான் என்பது புரியாமலா போகும்?

மதியம், அவள் மறந்து வைத்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைச் சாக்காக வைத்து அவளுடைய ஆபீசுக்கே போய்விட்டான்.

அங்கே அவள் டார்ச் அடிக்க, சுருட்டை முடிக்காரன் ஒருவன் பிரிண்டருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான். அவன் ஏதோ சொல்ல, அவள் சிரித்தாள். வீட்டில் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று!

"யாரைப்பா மாத்தச் சொன்ன?" கண்ணாடிக் கூட்டை மேசைமேல் நங்கென்று வைத்தான் கணவன்.

"யாரையா? இந்தப் பிரிண்டரத்தான் சார். மேடம் அது போடுற சத்தத்த ரெக்கார்ட் பண்ணி அனுப்புனாங்க. பத்து செகண்டுதான் கேட்டேன். உள்ள எல்லாம் தேஞ்சு போச்சுன்னு நெனச்சு அப்படிச் சொல்லிட்டேன்."

கணவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தம்பிக்கு டீ வாங்கி வரட்டுமா என்றுகூடக் கேட்டான்.

மெக்கானிக் உள்ளேயிருந்து நசுங்கிப்போன பேப்பர் கிளிப் ஒன்றை எடுத்துப் போட்டான். அதுவரை கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்த பிரிண்டர், சாதுவாகத் தாளைத் தள்ளியது. ஆனாலும் அவன் முகம் தெளியவில்லை.

"இது கீச்சுன்னுதானே கத்துச்சு? நீங்க அனுப்புனது வேற மாதிரில்ல இருந்துச்சு."

அவன் தன் போனைத் தேடி எடுத்தான். அவளும் அவசரமாகத் தன் போனைப் பார்த்தாள். அதிலிருந்த இரண்டு பதிவுகளில் எது போயிருக்கிறது என்று தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தம்பி, வேணாம், போடாதீங்க" என்று அவள் சொல்வதற்குள் அவன் அழுத்திவிட்டான்.

கர்ர்ர்ரென்று இழுத்தது. நடுவில் நின்றது. பிறகு விசிலடித்தது.

கடைசியில் அவள் குரல் கேட்டது: "ஏங்க, கொஞ்சம் ஒருக்களிச்சுப் படுங்களேன்."