தண்ணீர் குடிக்காத நாள்

தி. நகர் மேம்பாலத்துக்கு அடியில் மாலை வெயில் வரவில்லை; சிக்னலின் சிவப்பு மட்டும் ஜலஜாவின் மடியில் கிடக்கும் மாத்திரைக் கவரில் விழுகிறது. முன்னும் பின்னும் பஸ். ஆட்டோ அசைய இடமில்லை. பக்கத்தில் அவள் கணவர் சுந்தரராமன், டிரைவர் காதில் விழக்கூடாதென்று குனிந்து பேசுகிறார். "அன்னிக்குப் போனோமே, அந்தப் பட்டுக்கடை பாத்ரூம்தான். அங்கேதான் உனக்கு இந்தச் சீக்கு ஒட்டிண்டிருக்கு." "பாத்ரூம்ல, துண்டுல எல்லாம் வராது, சேர்ந்து படுத்தாத்தான் வரும்னு டாக்டரம்மா சொன்னாளே. உங்களையும் மாத்திரை சாப்பிடச் சொன்னா." "சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன தெரியும்? ஆத்துக்குப் போனதும் பாத்ரூமை டெட்டால் விட்டு அலம்பு. என் துண்டைத் தனியாப் போடு." ஜலஜா கவரின் ஓரத்தை மடிக்கிறாள், பிரிக்கிறாள், மறுபடி மடிக்கிறாள். டிரைவர் திரும்பாமலே கேட்கிறான். "இன்னா சார், குனிஞ்சிக்கினே வர்றீங்க, உடம்பு சரியில்லியா?" "ஒண்ணுமில்லப்பா, நீ ரோட்டைப் பாரு." "ரோடு எங்க சார் கீது, பஸ்ஸுதான் கீது." யாரும் சிரிக்கவில்லை. ஹாரன் சத்தம் பாலத்தில் மோதித் திரும்புகிறது. கடைத்தெருவுக்குக் கிளம்பும் நாளென்றால் ஜலஜாவுக்குக் காலைக் காபியோடு சரி. வெளியே கழிப்பறை தேடக்கூடாதென்று, கல்யாணமான நாளிலிருந்து, வீடு திரும்பும்வரை தண்ணீரே தொடமாட்டாள். அதைச் சொல்லி ஊரெல்லாம் கேலி செய்பவரே அவர்தான். "நான் அங்கே பாத்ரூமுக்குப் போகவே இல்லையே," என்கிறாள். அவர் வெளியே பார்க்கிறார். "நம்ம பொண்ணு கேட்டா, போனேன்னு சொல்லு," என்கிறார். பச்சை விழுகிறது. முன்னால் நிற்கும் பஸ் நகரவில்லை.