நான்காம் அங்கம்

டேப் சுழலத் தொடங்கியதும் வலேரி ஹோராக் நாற்காலியை விட்டு எழுந்துகொண்டார்.

"உக்காந்துக்கிட்டு இத பேச வராது, டாக்டரம்மா."

அறுபத்து நான்கு வயது. வியன்னாவில் முப்பது வருடம் புகையிலைக் கடை நடத்தியவர். காபியையும் கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டியையும் ஓரமாகத் தள்ளிவிட்டு, அறையின் நடுவில் போய் நின்றார்.

"மழை உள்ளே வருகிறது, அப்பா. கதவைச் சாத்துங்கள்."

அவ்வளவுதான். பிறகு பேச்சில்லை.

மறந்துவிட்டார் என்று நினைத்தாள், அவர் குரலைப் பதிவு செய்ய வந்திருந்த முனைவர் ஹெர்மினே.

பதினொரு வருட உழைப்பு. ஆர்னோல்ட் கெல்மர் என்ற நாடகாசிரியரின் பெயரே ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. அவருடைய நாடகங்களைப் பிரதி பிரதியாகத் தேடி, ஒவ்வொரு காற்புள்ளியையும் ஒப்பிட்டு மூன்று தொகுதிகள் தயார் செய்திருந்தாள். 'கெல்மரின் விதவை' என்று பல்கலைக்கழகத்தில் அவளைக் கேலி பேசுவார்கள். கடைசி நாடகமான 'உப்புக் கிடங்கு' மட்டும் மூன்றாம் அங்கத்தோடு நின்றுபோயிருந்தது. மிச்சத்தைக் கெல்மரே 1938 மார்ச்சில், ஹிட்லரின் படை ஊருக்குள் வந்த அன்று, சமையலறை அடுப்பில் போட்டு எரித்துவிட்டார். அடுத்த வருடம் நாஜி வதைமுகாமில் அவரும் இறந்துபோனார்.

'நான்காம் அங்கம் கிடைக்கவில்லை.' அந்த ஒற்றை வரி அச்சுக்குப் போகவிருந்தது. அப்போதுதான், அவள் கொடுத்திருந்த செய்தித்தாள் விளம்பரத்துக்குப் பதிலாக ஒரு தபால் அட்டை வந்தது. 'அதில் நான் நடிக்கவிருந்த பாத்திரத்தின் வசனம் என்னிடம் இருக்கிறது.'

வலேரி சட்டென்று ஓரடி பின்வாங்கினார். எதையோ கேட்டதுபோல் தலையைச் சாய்த்தார். லேசாகச் சிரித்தார். பிறகு இரண்டாவது வசனத்தைச் சொன்னார்.

ஹெர்மினேவுக்குப் புரிந்தது. இது மறதியில்லை. மற்றவர்கள் பேசி முடிக்கக் காத்திருக்கிறார்.

முப்பத்தேழு வசனங்கள். நடுநடுவே நீளமும் குட்டையுமாக மௌனங்கள். அந்தக் காலத்தில் நடிகர்களுக்குத் தங்கள் வசனத்தை மட்டும்தான் எழுதிக் கொடுப்பார்கள் என்பது ஹெர்மினேவுக்குத் தெரியும். இருந்தும் ஆசை விடவில்லை.

"மத்தவங்க பேசுனதுல ஒண்ணு ரெண்டாவது ஞாபகம் இருக்கா?"

"ஒண்ணு ரெண்டா?" வலேரி காபியை ஊற்றினார். "ஆறு வாரம் ஒத்திகை பார்த்தோம். சனிக்கிழமை அரங்கேற்றம். வெள்ளிக்கிழமை நாஜிங்க ஆட்சியப் புடிச்சாங்க, எல்லாம் முடிஞ்சுபோச்சு. மத்த நாலு பேரு வசனமும் எனக்குத் தலைகீழாப் பாடம்."

ஹெர்மினேவின் கையிலிருந்த பென்சில் உருண்டு கீழே விழுந்தது.

"அப்ப சொல்லுங்களேன்!"

"அது அவங்க வசனம். நான் பேசக் கூடாது."

ஹெர்மினே கெஞ்சினாள். அச்சகம் காத்திருப்பதைச் சொன்னாள். இனி இதைச் சொல்ல உலகத்தில் வேறு ஆளில்லை என்றாள். கடைசியில் வாய் தவறி, "நாளைக்கு நீங்களும் போயிட்டா?" என்று கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வலேரி கோபித்துக்கொள்ளவில்லை. நாற்காலியை நகர்த்தினார்.

"அங்க போய் நில்லுங்க. அது என்கூட நடிச்ச எட்கார் நிக்கிற இடம். நான் உங்க காதுல சொல்றேன். நீங்க பேசுங்க."

"எனக்கு நடிக்க வராதே."

"ரூடிக்கும்தான் வராது. அவனை வச்சுக்கிட்டு நாங்க ஒப்பேத்தல?"

ஆகவே நாடகம் மறுபடி தொடங்கியது. வலேரி ஹெர்மினேவின் காதருகே வந்து கிசுகிசுப்பார். ஹெர்மினே அதை உரக்கச் சொல்வாள். வலேரி தன் இடத்துக்கு ஓடிப்போய்ப் பதில் சொல்வார். ஹெர்மினே எட்காராக நின்றாள், ரூடியாக நின்றாள், லோட்டேயாக அழுதாள், கிழவர் சாமுவேலாக இருமினாள். நாற்பத்தொரு வருடமாக யாரும் கேட்காத வாக்கியங்கள் அவள் வாயிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கெல்மரின் நடைதான். வலேரி ஒரு சொல்லில்கூடத் தடுமாறவில்லை. கடைசி வசனம் எட்காருடையது.

மூச்சு வாங்க இருவரும் உட்கார்ந்தார்கள்.

"முன்னுரையில உங்க பேருதான் முதல்ல வரும்," என்றாள் ஹெர்மினே. கண்கள் நிறைந்திருந்தன.

"அந்த நாலு பேரு பேரையும் போடுங்க. என் பேரு வேண்டாம்."

தன்னடக்கம் என்று நினைத்து ஹெர்மினே சிரித்தாள். "நீங்க இல்லேன்னா இது ஏது?"

வலேரி கோப்பையைக் கீழே வைத்தார்.

"அந்த வெள்ளிக்கிழமை கழிஞ்சு மூணாம் நாள், கடைத்தெருவுல ஒரே கூட்டம். யூதருங்கள மண்டி போட வச்சு, பல் விளக்குற பிரஷ்ஷால ரோட்டைத் தேய்க்க விட்டிருந்தாங்க. சுத்தி நின்னு எல்லாரும் சிரிக்கிறாங்க. நானும் எட்டிப் பார்த்தேன். எட்கார்."

டேப் ஓடிக்கொண்டிருந்தது. ஹெர்மினே அதை நிறுத்தக் கை நீட்டினாள். வேண்டாம் என்று வலேரி தலையசைத்தார்.

"அவரு நிமிர்ந்து என்னையே பார்த்தாரு. பக்கத்துல இருந்தவன் 'இவன உனக்குத் தெரியுமா'ன்னு என்னைக் கேட்டான்.

"தெரியாதுன்னு சொல்லிட்டேன்."