சத்தம் பத்தல

"இன்னொரு தடவை உள்ள போய் உக்காருங்க" என்றார் காது டாக்டர்.

உதவி ரயில் ஓட்டுநர் தயங்கியபடி எழுந்தார். இந்தச் சோதனையில் தேறினால் அடுத்த மாதத்திலிருந்து அவரே ரயில் ஓட்டலாம். தேறாவிட்டால் டிக்கெட் கவுன்டர்தான். பத்து வருடமாகக் காத்திருந்த வேலை. காலையில் அவருடன் வந்தவர்களில் இரண்டு பேர் ஏற்கெனவே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போயிருந்தார்கள்.

சத்தம் புகாத சின்ன அறைக்குள் மறுபடியும் போய் உட்கார்ந்தார். ‘பீப்’ கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். கேட்காவிட்டால் அமுக்கக் கூடாது. கேட்ட மாதிரி இருந்தால் என்ன செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

வெளியே வந்தபோது அவருடைய மனைவி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டர், ஓட்டுநர் எழுதிக் கொடுத்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தினம் அஞ்சு மணி நேரம் ஹெட்போன்ல பாட்டுன்னு எழுதியிருக்கீங்க. நிஜமாவா?"

"பொய் எழுத மனசு வரல டாக்டர். பஸ்ல வந்து போறதுக்கே மூணு மணி நேரம் ஆகுது."

"எந்த மாதிரி ஹெட்போன்?"

"முதல்ல காதுக்குள்ள சொருகுறது. சத்தம் பத்தலன்னு காதை முழுசா மூடுறது வாங்கினேன். அதுவும் முனகிச்சு. இப்ப காதுக்கு முன்னால எலும்புல ஒட்டிக்கிறது ஒண்ணு வச்சிருக்கேன். அதுவும் அப்படித்தான்."

"சொருகுறது காதுல சரியா பொருந்தலன்னா, பஸ் இரைச்சலுக்குப் போட்டியா சத்தத்தை ஏத்திக்கிட்டே போவோம். மூடுறது வெளி இரைச்சலைத் தடுக்கும், கம்மியா வச்சாலே போதும். எலும்புல ஒட்டுறது காதைத் திறந்து விடுமே தவிர, உள் காதுக்கு அதுவும் சத்தம்தான். எதை மாட்டினாலும் எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம், அதுதான் கணக்கு. தினம் அஞ்சு மணி நேரம் பாட்டு கேக்குற காது இப்படி இருக்கக் கூடாது."

"எப்படி இருக்கு டாக்டர்?"

"நம்ப முடியாமதான் ரெண்டாவது தடவை பார்த்தேன். பச்சைக் குழந்தை காது மாதிரி இருக்கு. போய் ரயில் ஓட்டுங்க."

தெருவுக்கு வந்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"எல்லாம் அந்த ஹெட்போன் கடைக்காரர் புண்ணியம். மட்டமான சரக்கை என் தலையில கட்டிட்டார்னு மூணு தடவை சண்டை போட்டேன். கடைசியில அந்த மட்டமான சரக்குதான் என் வேலையைக் காப்பாத்தியிருக்கு. வா, ஒரு நன்றி சொல்லிட்டுப் போயிடலாம்."

"இன்னிக்கேவா? இன்னொரு நாள் போகலாமே" என்றாள் மனைவி.

"சண்டையை நாளைக்குப் போடலாம். நன்றியைத் தள்ளிப் போடக் கூடாது."

வழியில் ஒரு பழக்கூடை வாங்கிக்கொண்டார். அவர் கடைப் படியேறுவதைப் பார்த்ததுமே கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

"சார், வித்ததைத் திருப்பி வாங்குற வழக்கமே இங்க இல்ல."

"அண்ணே, நான் கும்பிட வந்திருக்கேன். முதல்ல இதைப் பிடிங்க. உங்க ஹெட்போன்ல மட்டும் சத்தம் நல்லா வந்திருந்தா, இந்நேரம் நான் டிக்கெட் கிழிச்சுக்கிட்டிருப்பேன்."

பழக்கூடை கைக்கு வந்த பிறகும் கடைக்காரருக்கு மனம் ஆறவில்லை. இருபது வருடமாகக் கடை நடத்துகிறவர். ஓட்டுநரின் ஹெட்போனைக் கேட்டு வாங்கித் தன் போனில் இணைத்தார்.

"மாட்டிப் பாருங்க."

மாட்டிய வேகத்தில் அவர் அதைப் பிடுங்கினார். தலைக்குள் மேளம் அடித்தது.

"இப்ப உங்க போனைக் கொடுங்க." கடைக்காரர் வாங்கி எதையெதையோ திறந்து பார்த்தார். "சார், இதுல யாரோ பூட்டு போட்டிருக்காங்க. ஹெட்போன் மாட்டினா சத்தம் பாதிக்கு மேல ஏறாது. திறக்க நாலு எண் கேக்குது."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி சார்ஜர் ஒயர் ஒன்றின் விலையை ரொம்ப அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீயா?"

"பஸ்ல பக்கத்துல உக்காந்தா, நீங்க கேக்குற பாட்டு எனக்கு வரி வரியா புரிஞ்சுது. குறைங்க குறைங்கன்னு சொன்னேன், காதுல வாங்கல. அதான் காதுக்குத் தெரியாம பண்ணிட்டேன். நீங்க இவர்கிட்ட வந்து சண்டை போடுவீங்கன்னு நினைக்கல. மன்னிச்சுக்கங்கண்ணே."

ஓட்டுநருக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் கையிலிருந்த பழக்கூடையை வாங்கி மனைவி கையில் கொடுத்தார்.

"பத்து வருஷக் கனவை நீதான் காப்பாத்தியிருக்க. எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. பூட்டு அப்படியே இருக்கட்டும். எண்ணை மட்டும் சொல்லு, தெரிஞ்சு வச்சுக்குறேன்."

"நம்ம கல்யாண நாள்."

"இவ்வளவுதானா?" போனை வாங்கி நான்கு எண்களை டக்கென்று அழுத்தினார். தவறு என்றது போன். தலையைச் சொறிந்துகொண்டு வேறு நான்கை அழுத்தினார். அதுவும் தவறு.

"அந்தத் தைரியத்துலதான் வச்சேன்" என்றாள் மனைவி.