வள்... வள்... வகுப்பு!

“வகுப்பாய்யா அது? சந்தைக்கடை!”

துறைத் தலைவர் போட்ட சத்தத்தில் ஆன்லைன்காரர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார்.

இணையத்தில் பாடம் தயாரிக்கவும் நடத்தவும் பேராசிரியர்களுக்குக் கைகொடுப்பதுதான் அவர் வேலை. அதனால் பல்கலைக்கழகத்தில் அவருக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

“அந்தப் புள்ளியியல் மேடம் வாயைத் திறந்தா பின்னாடி நாய் குரைக்குது, பாத்திரம் உருளுது, யாரோ ‘என் கண்ணாடி எங்க’ன்னு கத்தறான்! இன்னிக்கு வகுப்பை நானே கேட்கப் போறேன். அவங்க வீட்டுச் சத்தம் வந்துச்சோ, பாடத்தைப் பிடுங்கி வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன். ஆமா!”

ஆன்லைன்காரருக்குப் பகீரென்றது. மேடம் அந்தப் பாடத்தை இழைத்து இழைத்து உருவாக்கியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். அதைப் போய் இன்னொருத்தர் தட்டிக்கொண்டு போவதா?

“மேடம், அந்த நாயை எங்கேயாவது கட்டிப் போடுங்களேன்!” என்று எவ்வளவோ கெஞ்சியிருக்கிறார். “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று சிரிப்பதோடு சரி. என்ன மனுஷியோ!

வெளிச்சத்தம் புகாத புது மைக் ஒன்றைத் தூக்கிக்கொண்டு, வகுப்பு நேரத்துக்கு மேடம் வீட்டுக்கே ஓடினார்.

கதவு லேசாகத் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாயாவது, ஒன்றாவது! வீடு கப்சிப்பென்று இருந்தது.

மேடத்தின் கணவர், ஓய்வு பெற்ற நீதிபதி, ஒரு கையில் கரண்டியும் மறு கையில் குண்டானுமாகப் பூனைநடை நடந்து உள்ளறை வாசலுக்குப் போனார். கழுத்தை நீட்டினார்.

“வள்! வள் வள்!”

கூடவே குண்டானில் டணார் டணாரென்று நாலு தட்டு. “ஏம்மா, என் கண்ணாடி எங்க?”

கண்ணாடி அவர் மூக்கின் மேல்தான் இருந்தது.

ஆன்லைன்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொறாமை! பெண்டாட்டி பேர் வாங்குவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை இந்த ஆளுக்கு!

“வெட்கமா இல்ல சார் உங்களுக்கு?” என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. “நீதிபதியா இருந்தவர் பண்ற வேலையா இது?”

“உஷ்!” நீதிபதி அவர் கையைப் பிடித்து உள்ளறை வாசலருகே இழுத்தார். “திட்டறதை அப்புறம் திட்டுங்க. முதல்ல உள்ள கேளுங்க.”

உள்ளே மேடம் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். “மன்னிச்சுக்கங்கப்பா, எங்க வீட்டு லட்சணம் இதுதான்! சரி, யாருக்கு என்ன சந்தேகம்?”

படபடவென்று மைக்குகள் திறந்தன. ஒரு பெண் கேள்வி கேட்க, அவள் இடுப்பில் குழந்தை வீறிட்டது. ஏதோ பட்டறையிலிருந்து ஒருவன், சுத்தியல் சத்தத்துக்கு நடுவே, “மேடம், அந்தக் கணக்கு இன்னொரு தடவை!” என்று தொண்டை கிழியக் கத்தினான்.

நீதிபதி கிசுகிசுத்தார். “ஆரம்பத்துல படிக்கிறவங்க ஒருத்தர் மைக்கும் திறக்காது. நெருக்கடியான வீடு, இரைச்சலான வேலை. அந்தச் சத்தம் நாலு பேர் காதுல விழுந்துடுமேன்னு வெட்கப்பட்டு, சந்தேகத்தை அப்படியே முழுங்கிடுவாங்க. ஒரு நாள் நான் கை தவறி இந்தக் குண்டானைப் போட்டேன். வகுப்பே சிரிச்சுது. அன்னிக்குத்தான் அந்தக் குழந்தைக்காரப் பொண்ணு முதல் தடவையா வாயைத் திறந்துச்சு. அதுலேர்ந்து எனக்கு இந்த உத்தியோகம்!”

ஆன்லைன்காரருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்த நேரம் பார்த்துப் போன் துடித்தது. வராந்தாவுக்கு ஓடி எடுத்தார்.

“கேட்டியாய்யா நாயை?” துறைத் தலைவர்!

“மேடம் மேல தப்பே இல்ல சார். கோளாறு நான் வச்சுக் கொடுத்த மைக்ல. தெருவுல போற சத்தத்தையெல்லாம் இழுக்குது. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க.”

தலைவர் திட்டினார் பாருங்கள், வண்டி வண்டியாக! “சரி, எப்போ சரி பண்ணுவே?”

“பாடம் முடியற வரைக்கும் ஆகும் சார்.”

“எக்கேடோ கெட்டுப் போ!”

போனை வைத்துவிட்டு உள்ளே வந்த ஆன்லைன்காரர், நீதிபதியை மேலும் கீழும் பார்த்தார்.

“இப்படி எட்ட நின்னா எப்படி சார்? மைக்குக்குக் கிட்ட வந்து குரைங்க!”