மரத்துக்கு எவ்வளவு தாகம்?

"ஏம்ப்பா, மரம் நட்டு அஞ்சு வருஷமாச்சு. இன்னும் மாசாமாசம் வந்து அளக்கணுமா?"

மேனேஜர் கேட்டதும் அந்த அலுவலகத் தோட்டக்காரன் தலையைச் சொறிந்தான். பக்கத்தில் தண்ணீர் இலாகா இன்ஜினியர் டேப்பும் கையுமாக நின்றிருந்தாள்.

"மரம் வளர வளரக் குடிக்கிற தண்ணியும் மாறும் சார்," என்று இழுத்தான். "மேடம்தான் பார்த்துச் சொல்லணும்."

மேனேஜர் அவள் பக்கம் திரும்பினார். தொலைந்தோம் என்று அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"உண்மைதான் சார். தழை கூடக் கூடத் தாகமும் கூடும்," என்றாள் அவள். "சொல்லப்போனா மாசம் ஒரு தடவை பத்தாது. வாரம் ஒரு தடவை வரணும்."

மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். தோட்டக்காரனுக்குத் தலைகால் புரியவில்லை. டேப்பின் மறுமுனையைத் தள்ளிப் பிடித்ததில், அடுத்த மரம் கணக்கில் அரை அடி கூடுதலாகப் பருத்துப்போனது. ஆனாலும் மனசு உறுத்தியது.

"மேடம், ஒரு உண்மையைச் சொல்லிடறேன். வேர் ஆழமா இறங்கிடுச்சு. அதுங்களே தண்ணி தேடிக்குது. போன வருஷமே குழாயை மூடிட்டேன். சொன்னா நீங்க வராம போயிடுவீங்களேன்னுதான் மறைச்சேன்."

"தெரியும்," என்றாள் டேப்பைச் சுருட்டிக்கொண்டே. "மீட்டரைப் பாக்கறது நான்தானே? பதினோரு மாசமா முள்ளு நகரவே இல்ல."

"அப்புறம் எதுக்கு மாசாமாசம் வந்தீங்க?"

சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"வீட்ல அம்மாவும் அதையேதான் கேக்கறாங்க. ஞாயித்துக்கிழமை வந்து நீங்களே பதில் சொல்லிடுங்க."