சோடியம் எரிவதைத் தம்பி பார்க்கிறான்

அம்மாவின் வீட்டைக் காலி செய்யும்போது பரணில் அந்தச் சீசா அகப்பட்டுவிட்டது. மண்ணெண்ணெய்க்குள் மேலே வெள்ளைப் படலம் படிந்த ஒரு சோடியம் துண்டு, முப்பது வருடமாக அப்படியே கிடக்கிறது. மதிய வெயிலில் அக்கா அதை வீட்டின் பின்புறம் எடுத்து வந்து நிற்கிறாள். "ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுக்கா," என்கிறான் தம்பி. "உனக்கென்ன பைத்தியமா?" "அன்னிக்கு நான் எதையுமே பாக்கலையே." அன்று அவனுக்கு ஒன்பது வயது. 'கிட்ட வந்து பாருடா' என்று கூப்பிட்டவள் அவள்தான். தண்ணீரில் போட்ட சோடியம் வெடித்து அவனுடைய இடது கண்ணில் தெறித்தது. வேதியியலில் வகுப்பிலேயே முதலாவதாக வந்துகொண்டிருந்தவள், அதோடு அந்தப் படிப்பை விட்டாள். இன்று தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறாள். கடைசியில் சம்மதித்து, அவனைப் பின்வாசல் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிறுத்துகிறாள். சோடியத்தை வெளியே எடுத்து அதன்மேல் கத்தியை வைக்கிறாள். கத்தி இறங்கியதும் துண்டு ஒரு நொடி வெள்ளியாய் மின்னி, உடனே மங்குகிறது. அரிசியளவுத் துணுக்கை நீண்ட இடுக்கியால் பிடித்து, வாளித் தண்ணீரில் மிதக்கும் காகிதத்தின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்கிறாள். முதலில் ஒரு சீறல் கேட்கிறது. பிறகு மஞ்சளாக ஒரு சுடர் எழுந்து, வெயிலில் பாதி வெளிறி, மூன்று எண்ணுவதற்குள் அணைந்துபோகிறது. அவள் சுடரைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கும் தம்பியையே பார்க்கிறாள். அவன் கதவைத் திறந்து வந்து வாளிக்குள் எட்டிப் பார்க்கிறான். "இவ்வளவுதானா?" அவள் ஆமென்று தலையாட்டுகிறாள். அவன் மெதுவாகக் கேட்கிறான்: "இதுக்காகவாக்கா நீ படிப்ப விட்டே?"