ஒரு முழுச் சுற்று

கவிழ்ந்த பெட்டிக்குள்ளிருந்து பயணிகளை ஒவ்வொருவராக வெளியே எடுத்து வரிசையாகப் படுக்க வைத்தார் டெய்லர். எல்லோருக்கும் தலை இருந்தது. இரண்டு பேருக்கு மட்டும் கால் போயிருந்தது.

"பசையும் தீர்ந்துபோச்சு. நின்னுக்கிட்டே போங்கன்னு சொல்லலாம்னா, காலே இல்ல," என்றார் அலுப்போடு.

ஒவ்வொரு பயணியும் சுண்டுவிரல் நகம் அளவுதான். பெட்டியை மேசையிலிருந்து தட்டிவிட்டதும் டெய்லரின் முழங்கையேதான். காலையிலிருந்து தையல் மெஷினில் குனிந்து கிடந்தவருக்குச் சாயங்காலத்தில் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

அது மருந்துக்கடைக்காரர் வீட்டுப் பின்னறை. கடையை விற்ற பிறகும் அவரை விட்டு அந்தப் பேர் போகவில்லை. அறையை அடைத்துக்கொண்டு ஒரே மேசை. அதன்மேல் ஒரு மலை, மலையைக் குடைந்து ஒரு சுரங்கம், ஒரு பாலம், ஒரு ஸ்டேஷன், எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு தண்டவாளம்.

சனிக்கிழமை சாயங்காலமானால் டெய்லர், பல் டாக்டர், பஸ் டிரைவர் மூவரும் அங்கே ஆஜர். நாளெல்லாம் பஸ் ஓட்டிக் களைத்த மனுஷன் ரயில் ஓட்டி இளைப்பாறப் போகிறார் என்பதை டிரைவரின் மனைவி இன்றுவரை நம்பவில்லை.

ஓட்டுவது என்பதும் பேச்சுக்குத்தான். ரயில் ஓடினால்தானே? பாலத்தில் நிற்கும். அதைச் சரிசெய்தால் அடுத்த வாரம் சுரங்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதையும் பார்த்து முடித்தால் ஸ்டேஷனை விட்டே கிளம்பாது.

இந்தப் பொம்மை ரயிலோடு ஒரு பெரிய விஷயமும் மாட்டிக்கொண்டிருந்தது. மனைவி காலமான பிறகு, தன்னோடு வந்து இருக்கும்படி கடைக்காரரை மகள் கூப்பிட்டாள். ஆரம்பித்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எப்படி வருவது, ரயில் ஒரு முழுச் சுற்று ஓடட்டும், மறுநாளே கிளம்பிவிடுகிறேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். மிஞ்சிப்போனால் ஒரு மாதம் ஆகும் என்று மகள் நினைத்தாள். வருஷம் திரும்பிவிட்டது.

வாராவாரம் வீடியோ காலில் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். ரயில் கிளம்பும், நின்றுபோகும். நான்கு பேரும் மேசைக்கடியில் தவழ்ந்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். அடுத்த வாரம் பார்க்கலாம்மா என்று அப்பா சொல்வார். அவள் பெருமூச்சோடு போனை வைப்பாள்.

இந்த வாரம் போன் வரவில்லை. மகளே வந்துவிட்டாள்.

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்த விஷயம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. கணுக்காலில் லேசான சுளுக்கு, அவ்வளவுதான். ஆனால் அவள் இரண்டு காலி சூட்கேஸோடு வந்து நின்றாள்.

அவள் உள்ளே நுழைந்தபோது பல் டாக்டர் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வாரம் ஒருவர் முன்னதாக வந்து தண்டவாளத்தைத் துடைத்து எல்லாம் தயார் செய்து வைப்பது அவர்களுக்குள் ஓர் ஏற்பாடு. காலையிலிருந்து அடுத்தவர் வாயையே பார்த்து ஓய்ந்து வந்தவர், துணியை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே கண் அயர்ந்துவிட்டார். சத்தம் கேட்டு விழித்தவர் சங்கடத்தோடு சட்டையைச் சரிசெய்துகொண்டார்.

மகள் சுற்றி வளைக்கவில்லை.

"ராத்திரி போன் அடிச்சாலே எனக்கு நெஞ்சு படபடங்குதுப்பா. இன்னிக்கு ஓடலைன்னா நான் பேசாம திரும்பிப் போயிடறேன். இனிமே வாங்கன்னு கூப்பிட மாட்டேன். ஓடிட்டா, நாளைக்குக் காலையில என்கூடக் கிளம்புறீங்க."

கண்ணுக்குக் கீழே அவளுக்குக் கருவளையம் விழுந்திருந்தது. பார்க்கவே கடைக்காரருக்குப் பாவமாக இருந்தது. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான் என்று ஒப்புக்கொண்டு, டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

டிரைவர் குமிழைத் திருகினார். ரயில் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பியது. வளைவில் ஒருமுறை குலுங்கிவிட்டுப் பாலத்தில் ஏறியது, இறங்கியது. சுரங்கத்துக்குள் நுழைந்தது.

மகள் கைகளைக் கோத்துக்கொண்டு நின்றாள். மற்ற நான்கு பேரும் சுரங்கத்தின் மறுவாயையே பார்த்தார்கள்.

எஞ்சின் மூக்கை நீட்டியது. பின்னாலேயே பெட்டிகளும் வந்தன. ஸ்டேஷனைத் தொட்டு, நிறுத்த ஆளில்லாமல் இரண்டாவது சுற்றையும் ஆரம்பித்தது.

மகள் கைதட்டினாள். அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். மூன்று மாமாக்களும் எனக்காக எவ்வளவு பாடுபட்டார்கள், இந்த உதவியைச் சாகிறவரைக்கும் மறக்க மாட்டேன் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பாவின் துணிமணிகளை எடுத்து வைக்க உள்ளே போனாள்.

ரயில் தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. டிரைவர் குமிழிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அடுத்த சனிக்கிழமை எங்கே போவது என்று டெய்லருக்குத் தெரியவில்லை.

உள்ளே பீரோ திறக்கும் சத்தம் கேட்கும்வரை கடைக்காரர் காத்திருந்தார். பிறகு பல் டாக்டர் பக்கம் திரும்பினார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை.

"டாக்டர், இந்த வாரம் ஒயரைக் கழட்டி வைக்க வேண்டியது உங்க முறைதானே?"